வரைபடத்தில் இல்லாத கல்

என்னுடைய கார் ஜப்பான் மொழி பேசும். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழகி, கப்பலேறி, கொழும்பில் ஒரு முற்றத்தில் வெயில் காய்ந்து, கடைசியாக எங்கள் ஊரான நாவற்குடாவுக்கு வந்து சேர்ந்த கார் அது. எங்கள் பக்கம் ஓடும் சின்னக் கார்களில் பாதி இப்படி வந்தவைதான். டவுனில் ரேடியோ பூட்டும் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். மொழியை மாற்ற ஏலாது, வேண்டுமென்றால் வயரைக் கழற்றி வாயை அடைத்துவிடலாம் என்றார். மனைவியிடம் வந்து சொன்னபோது, கிடக்கட்டும், நீங்கள் சொல்வதும் எனக்குப் பாதி விளங்குவதில்லை, அதற்காக வாயை அடைத்தோமா என்றாள்.

நான் பயந்த மனிதன். கல்முனை வீதியில் ஓட்டுகிற எவரும் கொஞ்சம் பயந்தவராக இருப்பது நல்லது என்பது என் எண்ணம். வலப்பக்கம் சிக்னலைப் போட்டுவிட்டு நேரே போகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்னலும் போடாமல் கையையும் நீட்டாமல், தலையை மட்டும் இலேசாகச் சாய்த்து ஓட்டோவைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெற்றுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு, வீட்டுச் சண்டையை றோட்டிலேயே நடத்தி முடிக்கிறவர்களும் உண்டு. புதிதாக வந்திருக்கும் வெள்ளை லைட்டுகள் இன்னொரு தொல்லை. எதிரே வருவது மோட்டார் சைக்கிளா லொறியா என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அந்த இடப்பக்கத்தில் மாடு படுத்திருக்கும். தார் பகலெல்லாம் வாங்கிய சூட்டுக்காக, பொழுதுபட்டதும் வந்து படுத்து அசைபோடும். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். காத்தான்குடியில் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் துண்டில்தான் எதிரே வருகிறவன் என்மேல் ஏற மாட்டான் என்று ஒரு நிம்மதி. அங்கே பக்கத்தில் வருகிறவன் ஏறப் பார்ப்பான்.

அறுவடைக் காலத்தில் இவற்றோடு நெல்லும் சேரும். காயப்போடக் களம் இல்லாதவர்கள் தார் றோட்டில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். வாகனம் நெல்லில் ஏறாமலிருக்க, விளிம்பில் கருங்கல்லோ மரக்கட்டையோ வரிசையாக வைப்பார்கள். யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை, சோறு தின்கிறவன்தானே. நெல்லை அள்ளும்போது கல்லையும் தூக்கி ஓரத்தில் போடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் போடுவதில்லை. நாளைக்கும் அதே இடத்தில்தானே காயப்போடப் போகிறோம், ஏன் இரண்டு வேலை என்ற எண்ணம்.

எங்கள் மகளுக்கு ஆசிரியர் நியமனம் படுவான்கரையில் கிடைத்தது. வாவியின் மேற்குக் கரையை நாங்கள் அப்படிச் சொல்வோம். காலையில் ஸ்கூட்டியில் குருக்கள்மடம் வரை போய், அங்கே படகுப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போவாள். படகுப் பாதை என்பது இயந்திரம் பூட்டிய பெரிய மிதவை. மோட்டார் சைக்கிள்களை அதில் ஏற்றிவிட்டு, பாதிப் பேர் இறங்காமல் சீட்டிலேயே இருந்து போவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பயம். மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போ என்று சொல்லிப் பார்த்தேன். பாலத்தால் போனால் வட்டைக்கு நடுவே ஆளில்லாத றோட்டு, அது உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டாள். அதுவும் பயம்தான். வட்டை என்பது வயலும் வரம்பும் தவிர ஒன்றுமில்லாத வெளி.

கடைசியில் அவளே என் போனை வாங்கி எதையோ அழுத்தித் தந்தாள். வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் அவளுடைய முகம். அவள் போகுமிடமெல்லாம் அந்த வட்டமும் போகும். “இது உங்கட பயத்துக்கு மருந்து. சாப்பாட்டுக்கு முன் ஒண்டு, பின் ஒண்டு. கூடப் பாவிக்கக் கூடாது” என்றாள்.

நான் அளவுக்கு மேலேதான் பாவித்தேன். கந்தோரில் ஒரு கோப்புக்கும் அடுத்த கோப்புக்கும் இடையில் எடுத்துப் பார்ப்பேன். முதல் கிழமை, அவளுடைய முகம் வாவியின் நீல நிறத்துக்கு மேல் நின்றபோது கோப்பை மூடிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது. நீலத்தைக் கடந்து அக்கரையில் ஏறியதும் தேநீர் குடிப்பேன். என்னோடு வேலை செய்பவர்கள், ஐயாவின் மகள் கரை ஏறிவிட்டார், ஐயா தேநீர் குடிக்கிறார் என்று சிரிப்பார்கள்.

போனிலுள்ள மற்ற எல்லாவற்றையும் நான் திட்டுவேன். பாடசாலைகள் வட்ஸ்அப்பில் நடப்பதைத் திட்டுவேன். இரண்டு மணிக்கு முன் படம் அனுப்பு, நாளைக்கு முன் விபரம் அனுப்பு என்று மேலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கும். மரம் நட்டாலும் படம், கை கழுவினாலும் படம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது. வாசலில் நிற்கும் மரத்தின் ஒரு கிளைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வரும். அதனால் ஆசிரியர்கள் அந்தக் கிளையில் ஒரு பிளாஸ்ரிக் கூடையைக் கட்டி, எல்லாப் போன்களையும் அதில் போட்டுவைப்பார்கள். செய்தி வருவதும் படம் போவதும் கூடையிலேயே நடக்கும். பாடமில்லாத ஒழிவு நேரத்தில் யாராவது போய் எட்டிப் பார்ப்பார்கள். மகள் இதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் நான் ஒருபோதும் திட்டியதில்லை.

மாசி மாதம். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற காலம், நெல் காய்கிற காலமும் அதுதான். அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது வானம் மேற்கே கறுத்திருந்தது. போனைப் பார்த்தேன். வட்டம் பள்ளிக்கூடத்தில் நின்றது. விளையாட்டுப் பயிற்சி முடியவில்லைப்போலும் என்று மனைவியிடம் சொன்னேன். சிறிது நேரத்தில் மழை பிடித்தது. மறுபடியும் பார்த்தேன். அங்கேதான். அழைத்துப் பார்த்தேன். நீங்கள் அழைக்கும் இலக்கத்தை அடைய முடியாதுள்ளது என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குள் சிக்னல் இல்லை என்பது எனக்குத் தெரிந்ததுதானே. ஆகவே அவள் உள்ளேதான் இருக்கிறாள், மழை விட்டதும் வருவாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எப்போதும் பயப்படுகிற நான் அன்று பயப்படவில்லை. மழைக்கு இதமாகக் கடலை வறுத்துத் தரச் சொல்லித் தின்றுகொண்டிருந்தேன்.

உண்மையில் நடந்ததைப் பிறகுதான் ஒவ்வொருவராகச் சொல்லி அறிந்தோம். மழை வரப்போவதைக் கண்டு அவள் அவசரமாகப் புறப்பட்டிருக்கிறாள். போனைக் கூடையிலேயே மறந்துவிட்டாள். முதல் துளி விழுந்ததும் காவலாளி கூடையை அவிழ்த்து, உள்ளே அலுவலக அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். துறைக்குப் போனால், காற்றுக்குப் பயந்து படகை நிறுத்திவிட்டார்கள். அவள் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு பாலத்துக்குப் போகும் றோட்டில் ஏறியிருக்கிறாள். வட்டைக்கு நடுவே ஒரு இடத்தில், நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கற்கள் வரிசையாகக் கிடந்தன. மழையில் றோட்டும் கல்லும் ஒரே நிறம். அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அங்கே கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பழைய தொலைபேசி ஒன்று இருக்கிறது. இன்ரநெற் அதே வயரில் வருவதால் வைத்திருக்கிறோம். அதில் மனிதர் அழைப்பது நின்று பல வருடமாகிவிட்டது. அடித்தால், கூடுதல் டேட்டா வேண்டுமா என்று கேட்கும் பதிவுக்குரலாகத்தான் இருக்கும். அன்று அது அடித்தது. நாங்கள் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. மழை நேரத்திலும் இவர்களுக்கு வியாபாரம் என்று மனைவி சொன்னாள். மறுபடியும் அடித்தது. ஏசிவிட்டு வைப்போம் என்று எழுந்து போனேன்.

ஏதோ இயந்திரம் இரைகிற சத்தம். அதற்குள் ஒரு ஆணின் குரல், உரத்து: “ஐயா, ரீச்சர்ட அப்பாவா?”

ஓம் என்றேன்.

“பயப்பிடாதீங்க. மகள் ஸ்கூட்டியால விழுந்திட்டா. உசிருக்கு ஒண்டுமில்ல. லேண்ட் மாஸ்டர் உழவு மெசின்ல ஏத்திக் கொண்டு போறம். இஞ்சத்த ஆசுபத்திரியில காட்டினா டவுன் ஆசுபத்திரிக்குத்தான் அனுப்புவாங்க. நீங்க அங்க வாங்க.”

என் வலக்கையில் போன் இருந்தது. திரையில் அவளுடைய முகம் பள்ளிக்கூடத்தின் மேல் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அந்த மனிதரிடம் சொன்னேன்: “இல்ல, ஆளை மாறிட்டீங்க. அவ பள்ளிக்கூடத்தில நிக்கிறா. நான் இப்பதான் பாத்த.”

இயந்திரச் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

“ஐயா, புள்ள எனக்குப் பக்கத்தில கிடக்கிறா” என்றார். பிறகு போனை அவளுடைய வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். “அப்பா” என்று கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த இலக்கம் அவளுக்குப் பாலர் வகுப்பில் நான் பாடமாக்கிக் கொடுத்தது. தொலைந்து போனால் யாரிடமாவது சொல்லு என்று ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என்னுடைய போன் இலக்கமோ தாயின் இலக்கமோ அவளுக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? எனக்கும் அவளுடைய இலக்கம் தெரியாது. பெயரைத் தொட்டால் அழைப்புப் போகிற காலத்தில் இலக்கத்தை யார் மனதில் வைத்திருக்கிறார்கள்? தலையில் அடிபட்டு மயக்கத்தில் கிடந்தவள், அந்த மனிதர் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்.

டவுன் ஆசுபத்திரி வாசலில் நாங்கள் காத்து நின்றோம்; ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த மனிதரும் அதிலிருந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நனைந்த சாரம், கால் முழுக்கச் சேறு, முதுகில் நெல் உமி ஒட்டியிருந்தது. மகளை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். இடது தொடையெலும்பு முறிந்திருந்தது, காதுக்கு மேலே கிழிந்திருந்தது. ஹெல்மெற் இருந்ததால் ஆள் இருக்கிறாள் என்று ஒரு தாதி சொன்னார். நான் அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, தெய்வம் மாதிரி வந்தீர்கள் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“ஐயா, அது என்ர கல்லு” என்றார். “மழை வருது எண்டு நெல்ல மட்டும் அள்ளிக்கிட்டு ஓடின. படங்க விட்டிட்டன் எண்டு எடுக்க வந்த இடத்திலதான் ஸ்கூட்டிர லைட்டு எரியிறதக் கண்ட.”

படங்கு என்பது நெல்லை மூடும் பெரிய விரிப்பு. அதை மறந்திராவிட்டால் அவர் திரும்பி வந்திருக்கவே மாட்டார்.

பிடித்திருந்த கையைத் திரும்பப் பிடிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. மனைவிதான் அவரைப் பார்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க வெச்ச கல்லு, நீங்க தூக்கின புள்ள. நான் உங்களுக்கு என்னத்தச் சொல்ற?”

அவர் சுவரோரமாகக் குந்தினார். மகளை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு போகிறார்கள் என்று யாரோ வந்து சொல்லும்வரை எழும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் வந்து கேட்டபோது, விழுந்தது தனக்கு ஞாபகமில்லை என்று மகள் சொன்னாள். அது உண்மை. கல் யாருடையது என்று என்னிடமும் கேட்டார்கள். மழையில் சறுக்கியிருக்கும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். அவருக்காக இல்லை. அந்தக் கல்லைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வார்ட்டில் ஒருநாள், சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள். “நான் றோட்டில கிடக்கக்குள்ள நீங்க என்னப்பா செஞ்ச?”

“கடலை திண்டுகொண்டு இருந்தன்” என்றேன். “நீ பள்ளிக்கூடத்தில நிக்கிற எண்டு போன் சொல்லிச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கையை நீட்டி என் போனைக் கேட்டாள். அதில் எதையோ அழுத்தித் திருப்பித் தந்தாள். வட்டம் போய்விட்டது. நான் மறுபடி சோற்றைக் குழைத்தேன்.

ஆறு மாதம் கழித்து, வருடத்தின் இரண்டாவது விளைச்சலான சிறுபோகத்தின் அறுவடை தொடங்கிய நேரத்தில் அவள் மறுபடி வேலைக்குப் போகவேண்டி வந்தது. இடமாற்றம் கேட்டோம், இன்னும் பதில் இல்லை. தொடையில் உலோகத் தகடு, கையில் ஒரு ஊன்றுகோல். ஸ்கூட்டியை விற்றுவிட்டோம். காலையில் நான் காரில் பாலத்தால் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போவேன். அந்த இடம் வரும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கும். கடந்த பிறகு, திறக்கலாம் மகள் என்று நான் சொல்லவேண்டும்.

போன கிழமை ஒருநாள், பாலத்தைத் தாண்டியதும் காரை நிறுத்தச் சொன்னாள். தான் ஓட்டப் போவதாகச் சொன்னாள். சாரதி லைசன்ஸ் எடுத்தபோது காரையும் சேர்த்து எடுத்திருந்தாள், ஓட்டியது குறைவு. ஓட்டோமெற்றிக் கார்தானே, இடக்கால் தேவையில்லை என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. அவள் அதற்குள் இறங்கி, ஊன்றுகோலோடு காரைச் சுற்றி வந்துவிட்டாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். வட்டைக்குள் இறங்கி ஒரு வளைவு தாண்டியதும் முன்னே நெல் விரித்திருந்தது. எங்கள் பக்கம் முழுவதும் மஞ்சளாக, நீளத்துக்கு. விளிம்பில் கற்கள். எதிரே பஸ் ஒன்று வந்தது. அவள் காரை நிறுத்தினாள். பஸ் போய்விட்டது, றோட்டு வெறுமையாக இருந்தது. அவள் காரை எடுக்கவில்லை. கை இரண்டும் ஸ்ரியரிங் வளையத்தை இறுகப் பிடித்திருந்தன. பின்னால் ஒரு ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், பிறகு எங்களைச் சுற்றிப் போனார். போகும்போது கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

“மாறுவமா மகள்?” என்றேன்.

“கதையாதீங்கப்பா.”

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். என்ன விளங்கிற்றோ தெரியாது. றோட்டின் அந்தக் கடைசித் தொங்கலை எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: “போ மனே, ஒண்டும் வரல்ல. மெல்லப் போ.”

மகள் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். நடக்கிற வேகத்தில் காரை எடுத்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. என் பக்கத்துச் சில்லுக்கு அருகே ஒவ்வொரு கல்லாகப் பின்னால் போயிற்று. நான் எட்டிப் பார்த்து, இவ்வளவு இடம் இருக்கிறது, இவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் அதைக் கேட்டாளோ தெரியாது. வரிசை முடிந்த பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், “காணும் அப்பா, நிப்பாட்டுங்க” என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிவந்து அவளுடைய பையை வாங்கினார்கள். நான் இறங்கி மற்றப் பக்கம் போய் உட்கார வேண்டும், கந்தோருக்கு நேரமாகிவிட்டது. ஆனால் நான் இறங்கவில்லை. மணி அடித்து, பிள்ளைகள் தேவாரம் பாடி முடித்து, வகுப்புகள் தொடங்கிவிட்டன. காவலாளி வந்து கண்ணாடியில் தட்டினார்.

“ஏன் ஐயா, கார் பழுதா?”

இல்லை, இப்போது போய்விடுவேன் என்றேன். அவர் போன பிறகும் அப்படியே இருந்தேன். வந்த அதே றோட்டால்தான் நான் திரும்பிப் போகவேண்டும். பின்னேரம் அதே றோட்டால் வந்து, சாவியை அவளிடம் கொடுக்கவேண்டும்.